குமரி மாவட்டத்துக் கல்யாண வீட்டுக்கு என்ன உடுத்திப் போகலாம்?

வேலைக்காகவோ படிப்புக்காகவோ எங்கள் ஊர்ப்பக்கம் வந்து சேர்ந்தவர்களுக்கு, சில மாதங்களிலேயே ஒரு கல்யாணப் பத்திரிகை கைக்கு வந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர், கூட வேலை செய்கிறவர், குழந்தையின் டீச்சர் என்று யாராவது அழைப்பார்கள். இங்கே பேச்சுக்காக யாரும் அழைப்பதில்லை. நீங்கள் போகவில்லை என்றால் உண்மையாகவே வருத்தப்படுவார்கள். போவதென்று முடிவு செய்ததும் வருகிற கேள்வி, என்ன உடுத்துவது என்பதுதான். என்னோடு வேலை பார்த்த வெளியூர்ப் பெண்கள் பலர் இதைக் கேட்டிருக்கிறார்கள். அவர்களோடு கடைக்குப் போயிருக்கிறேன், சேலை கட்டிவிட்டிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

"அக்கா, எந்த நிறத்தில் சேலை எடுக்கட்டும்?" என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: "தாலிகட்டு எங்கே? எத்தனை மணிக்கு?" இந்த இரண்டுக்கும் விடை தெரியாமல் துணிக்கடைக்குள் காலை வைக்காதீர்கள்.

காரணம் இருக்கிறது. 1956 நவம்பர் 1ஆம் தேதி வரை இந்த மாவட்டம் முதலில் திருவிதாங்கூரோடும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. அகஸ்தீஸ்வரம், தோவாளைப் பக்கம் பழக்கவழக்கம் திருநெல்வேலிச் சீமையை ஒட்டி இருக்கும். கல்குளம், விளவங்கோடு போகப் போக திருவனந்தபுரத்துச் சாயல் கூடிக்கொண்டே வரும். இந்துக் கல்யாணம், கத்தோலிக்கக் கல்யாணம், சி.எஸ்.ஐ. கல்யாணம், முஸ்லிம் நிக்காஹ், அய்யாவழிக் கல்யாணம் எல்லாம் ஒரே தெருவில் நடக்கும். ஒரே சேலை எல்லா இடத்துக்கும் சரிப்பட்டு வராது.

முதலில் பத்திரிகையைப் படியுங்கள்

கோயிலில் தாலிகட்டு என்று போட்டிருந்தால், ஆண்கள் கவனிக்க வேண்டும். சுசீந்திரம் தாணுமாலயன் கோயில், கன்னியாகுமரி பகவதி அம்மன் கோயில், திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில் போன்ற இடங்களில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தலை வழியாகக் கழற்ற வேண்டிய இறுக்கமான குர்தா போட்டு வந்தவர்கள் வாசலில் நின்று படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன். முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை, வேட்டி, தோளில் ஒரு நேரியல். இது போதும். நேரியல் என்றால் மேலே போர்த்தும் துண்டுதான், இங்கே அப்படிச் சொல்வார்கள். கழற்றிய சட்டையை மடித்து வைக்க ஒரு சின்னத் துணிப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்குச் சேலை, பாவாடை தாவணி, துப்பட்டா போட்ட சுடிதார் எல்லாம் பொருந்தும்.

கிறிஸ்தவ ஆலயத்தில் என்றால், மணப்பெண் பெரும்பாலும் வெள்ளை அல்லது சந்தன நிறச் சேலையில், தலையில் நெட் போட்டு வருவாள். சிலர் கவுன் போடுவார்கள். அதனால் வெள்ளிச் சரிகை போட்ட வெள்ளைப் பட்டு உங்களுக்கு வேண்டாம். ஜெபத்தின்போது பெண்கள் பலர் முந்தானையால் தலையை மூடிக்கொள்வார்கள். முந்தானையை நீளமாக விட்டுக் கட்டியிருந்தால் நீங்களும் அப்படிச் செய்ய வசதியாக இருக்கும். கை இல்லாத ஜாக்கெட், முதுகு முழுவதும் திறந்த ஜாக்கெட் இரண்டையும் ஆலயத்துக்கு வேண்டாம் என்றே சொல்வேன். கிராமத்து ஆலயங்கள் பலவற்றில் செருப்பை வாசலிலேயே விட வேண்டியிருக்கும்.

திருவிதாங்கோடு, தேங்காப்பட்டணம், குளச்சல், இடலாக்குடிப் பக்கம் நிக்காஹ்வுக்குப் போகிறீர்கள் என்றால், பெண்கள் பெரும்பாலும் தனியாக உட்காருவார்கள். கை நீளமான ஜாக்கெட்டும், தலையில் போட்டுக்கொள்ள வசதியான முந்தானையோ துப்பட்டாவோ இருந்தால் சரி. அங்கே நிறத்துக்குக் கட்டுப்பாடு குறைவு. நல்ல பளிச்சென்ற நிறங்களைத் தைரியமாக உடுத்தலாம்.

அய்யாவழிக் குடும்பத்தில் கல்யாணம் என்றால், ஆண்கள் வீட்டாரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அய்யா வைகுண்டர் வழியில் ஆண்கள் மேல்சட்டை இல்லாமல், தலைப்பாகை கட்டி வழிபடுவதுதான் முறை. சாமிதோப்புப் பதிக்குள், அதாவது அவர்களுடைய தலைமை வழிபாட்டுத் தலத்துக்குள் போனால் இதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும். தலைப்பாகைக்கு ஒரு வெள்ளைத் துண்டு போதும். தலையில் துணி கட்டக் கூடாது என்று ஒடுக்கப்பட்ட மக்களைப் பார்த்து, தலைப்பாகையோடு நிமிர்ந்து நில்லுங்கள் என்று சொன்னவர் வைகுண்டர். ஆகவே அந்தத் துண்டை வெறும் சடங்குக்காகக் கட்டிக்கொள்ளாமல், அது என்னவென்று தெரிந்து கட்டுங்கள்.

மண்டபத்திலோ வீட்டுப் பந்தலிலோ நடந்தால் இத்தனை யோசனை வேண்டாம்.

வெள்ளை, சந்தனம், கோடி

வெளியூர்க்காரர்கள் அதிகம் குழம்புவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த என் தோழி ஒருத்தியைக் குழித்துறை அருகே ஒரு கல்யாணத்துக்குக் கூட்டிப் போனேன். பந்தலுக்குள் நுழைந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். முன்வரிசையில் அம்மாமார் இருபது பேர், எல்லோரும் சந்தன வெள்ளையில். "இத்தனை பேரும் வெள்ளை உடுத்தியிருக்காங்களே, ஏதாவது துக்கமா?" என்று காதோரம் கேட்டாள். அவள் ஊரில் நல்ல காரியத்துக்கு வெள்ளைச் சேலை உடுத்துவதில்லை. இங்கோ, மேற்குப் பக்கத்தில், கசவுக்கரை, அதாவது பொன்சரிகைக் கரை போட்ட சந்தன நிறத் துணிதான் மங்கலத்துக்கு முதல் துணி. கோடி என்ற சொல்லும் அப்படித்தான். தமிழ்நாட்டின் பல ஊர்களில் கோடி என்றதும் இறந்தவருக்குப் போர்த்தும் புதுத்துணி ஞாபகம் வரும். இங்கே ஓணக்கோடி என்று சந்தோஷமாகச் சொல்வார்கள். கோடி என்றால் புதுத்துணி, அவ்வளவுதான்.

நீங்களும் அதை உடுத்தலாமா? உடுத்தலாம். கல்குளம், விளவங்கோடு பக்கத்து இந்துக் கல்யாணம் என்றால் தாராளமாக. தோவாளை, நாகர்கோவில் கிழக்கே என்றால் நிறமுள்ள சேலைதான் பாதுகாப்பு. ஆலயக் கல்யாணத்துக்கு அது மணப்பெண்ணின் நிறம் என்பதால் விட்டுவிடுங்கள்.

இதில் இரண்டு வகை உண்டு. செட்டு முண்டு என்பது இரண்டு துண்டு. ஒன்றை இடுப்பில் சுற்றி, மற்றொன்றின் ஒரு முனையை இடுப்பில் செருகி, மறுமுனையை இடது தோளில் போடுவது. அந்த இரண்டாவது துண்டுக்கு நேரியது என்று பெயர். பழக்கம் இல்லாதவர்களுக்கு நடக்க நடக்க நழுவும். முதல் முறை உடுத்துகிறவர்கள் ஒற்றைத் துணியாக வருகிற கசவுச் சேலை எடுப்பதே நல்லது. பார்வைக்கு ஏறக்குறைய அப்படியே இருக்கும், சாதாரணச் சேலை மாதிரி கட்டிக்கொள்ளலாம். கரை அகலமாகப் பொன்னிறத்தில் இருந்தால் கல்யாணக் களை. புளியிலைக்கரை என்று மெல்லிய கரை ஒன்று உண்டு, வயதானவர்களுக்கு அது அழகு. ஒரு முக்கியமான விஷயம்: உள்பாவாடை சந்தன நிறத்திலேயே இருக்க வேண்டும். துணி மெல்லியது, அடர்ந்த நிறப் பாவாடை அப்படியே தெரியும். ஜாக்கெட்டுக்குப் பச்சையோ அரக்கோ எடுங்கள். கரையில் இருக்கிற நிறம் எதுவோ அதுவும் பொருந்தும்.

நல்ல கசவு வேண்டும் என்றால் களியக்காவிளை தாண்டி, நெய்யாற்றின்கரைக்கு அப்பால் பாலராமபுரம் போகலாம். புவிசார் குறியீடு பெற்ற கைத்தறி அது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூரை ஆண்ட பாலராம வர்மா காலத்தில், தெற்கே தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர் குடும்பங்களைக் கூட்டிப்போய்க் குடியமர்த்திய ஊர். மலையாளத்துப் பட்டும் கசவும் என்று நாம் பேசுகிற அந்தத் துணியை நெய்த கைகளில் நம் பக்கத்துக் கைகளும் உண்டு என்பதை நினைத்தால் எனக்கு மனசு நிறையும்.

சேலை எடுக்கும்போது

விருந்தினராகப் போகிறவருக்குக் கனமான பட்டு கட்டாயம் இல்லை. சித்திரை, வைகாசிக் கல்யாணத்தில் இங்கே வெயிலைவிடப் புழுக்கம்தான் கொல்லும். கோரா காட்டன், மெல்லிய ஆரணிப் பட்டு, நல்ல செட்டிநாட்டுப் பருத்தி எல்லாம் மரியாதையான உடைதான். மணப்பெண்ணுக்கு நெருங்கிய தோழி என்றால் காஞ்சிப் பட்டு உடுத்துங்கள். ஆனால் கூறைப்புடவை பெரும்பாலும் சிவப்பு, அரக்கு, குங்கும நிறத்தில் இருக்கும். அதை ஒட்டிய நிறம் வேண்டாம். முழுக் கறுப்பும் வேண்டாம். யாரும் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஆனால் வீட்டுப் பெரியவர்கள் மனதில் அது உறுத்தும். மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து நீலம், இலைப்பச்சை, வெங்காய நிறம், வாடாமல்லி என்று எத்தனையோ நிறம் இருக்கும்போது கறுப்பு எதற்கு?

பட்டு என்று சொல்லிக் கொடுப்பதெல்லாம் பட்டாக இருக்காது. அசல் பட்டு என்று சான்று சொல்கிற சில்க் மார்க் அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். காஞ்சிப் பட்டின் அசல் சரிகை, பட்டு நூலின் மேல் வெள்ளி சுற்றிப் பொன் முலாம் பூசியது. சரிகையை இலேசாகச் சுரண்டினால் உள்ளே சிவப்பு நூல் தெரிய வேண்டும். வெள்ளையோ பளபளக்கும் பிளாஸ்டிக்கோ தெரிந்தால் அது சாதாரணச் சரிகை. அதற்காக அந்தச் சேலையை ஒதுக்க வேண்டியதில்லை, அசலின் விலையைக் கொடுக்காமல் இருந்தால் சரி. கூட்டுறவுக் கடையில் எடுக்க விரும்பினால் 1935 முதல் நடக்கும் கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது.

சேலை ஐந்தரை மீட்டர், ஜாக்கெட் துணி அதோடு சேர்ந்து ஏறக்குறைய முக்கால் மீட்டர் வரும். ஜாக்கெட் தைக்க, ஓரம் அடிக்க, ஃபால்ஸ் வைக்க நாளாகும். ஆவணி மாத முகூர்த்த நேரத்தில் எந்தத் தையற்காரரும் நாளைக்குத் தருகிறேன் என்று சொல்ல முடியாது. குறைந்தது மூன்று வாரத்துக்கு முன் துணியைக் கொடுத்துவிடுங்கள். அளவுக்கு, உங்களுக்குச் சரியாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்றையும் கூடவே கொடுங்கள்.

புதிதாக எடுக்கத்தான் வேண்டும் என்று இல்லை, இதையும் மனதில் வையுங்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டால் பீரோவைத் திறந்து பத்துச் சேலையைக் கட்டிலில் பரப்பிவிடுவார். இங்கே அது சாதாரணம், கேட்பதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. திருப்பிக் கொடுக்கும்போது நிழலில் காற்றாட விட்டு, மடித்துக் கொடுங்கள்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பாவது முழுச் சேலையையும் ஒரு முறை கட்டி, போட்டுப் போகிற செருப்போடு வீட்டுக்குள் நடந்து பாருங்கள். படி ஏறுங்கள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுந்திருங்கள். இது மூன்றும் முடிந்தால் உங்களுக்குச் சேலை கட்டத் தெரியும் என்று அர்த்தம். மாராப்பை மடித்துத் தோளில் ஒரு ஊக்கு, இடுப்பு மடிப்பில் ஒரு ஊக்கு. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் ஆனி, ஆடி, ஆவணியில் அடிக்கிற காற்று தெரியும்தானே, காற்றாலைகள் சும்மா அங்கே நிற்கவில்லை. அந்தப் பக்கத்துக் கல்யாணத்துக்கு நாலு ஊக்கு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய ஜார்ஜெட்டை அன்றைக்கு எடுக்கவே எடுக்காதீர்கள்.

தோளைப் பற்றிப் பேசும்போது ஒன்று சொல்ல வேண்டும். இந்த மண்ணில் பெண்கள் மேலாடை அணிவதற்கே போராட வேண்டியிருந்தது. நாடார் பெண்கள் முதலானோர் மாரை மறைத்துத் துணி போடக் கூடாது என்று இருந்த கொடுமைக்கு எதிராக, பல பத்தாண்டுகள் நடந்த தோள்சீலைப் போராட்டத்துக்குப் பிறகு 1859இல்தான் அரசாணை வந்தது. அப்போதும்கூட, மேல்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி போடக் கூடாது என்ற நிபந்தனையோடு. இங்கே ஒரு பாட்டி தன் சேலையை அத்தனை கவனமாக மடிப்பு எடுத்து உடுத்தியிருந்தால், அதைப் பழைய காலத்துக் கெடுபிடி என்று நினைக்காதீர்கள். கல்யாண வீட்டில் யாருடைய உடுப்பைப் பற்றியும் குறைவாகப் பேசாதீர்கள்.

மழை

ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரிலிருந்து வடகிழக்குப் பருவமழை என்று எங்களுக்கு இரண்டும் உண்டு. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் சொல்லாமல் பெய்யும். பட்டில் தண்ணீர் பட்டால் வட்ட வட்டமாகக் கறை நிற்கும். நான் முதல் சம்பளத்தில் எடுத்த பட்டு அப்படித்தான் பாழானது. மழைக்காலத்தில் பட்டை ஒரு பையில் வைத்துக் கொண்டுபோய், கல்யாண வீட்டுக்குப் பக்கத்தில் தெரிந்தவர் வீட்டில் மாற்றிக்கொள்வதை நான் இன்றைக்கும் செய்கிறேன். செம்மண் சேறு வேறு இருக்கிறது. கீழ்க்கரை அடர்ந்த நிறத்தில் இருந்தால் பிழைத்தது.

ஆண்களுக்கு

வேட்டிதான். நாலு முழம் ஒரு சுற்று, எட்டு முழம் இரட்டை. கல்யாணத்துக்கு எட்டு முழம் இரட்டை வேட்டி எடுங்கள், உள்ளே தெரியாது, நிற்கும்போதும் விழுகிற விதம் அழகாக இருக்கும். கரை பொன்னிறமாக இருப்பது எல்லா இடத்துக்கும் பொருத்தம். நிறக்கரை எடுக்கும்போது மட்டும் கவனம், பல கரைகள் கட்சிக் கொடி நிறத்தில் வருகின்றன. தெரியாமல் ஒரு கட்சியின் கரையை உடுத்திப் போனால் பந்தியில் அதைப் பற்றியே பேச்சு நடக்கும். கடைக்காரரிடம் கேட்டால் எந்தக் கரை எந்தக் கட்சி என்று சொல்லிவிடுவார்.

இடுப்பில் நிற்குமோ என்று பயம் இருந்தால் ஒட்டிக்கொள்கிற வேட்டி எடுங்கள், இல்லை மேலே ஒரு பெல்ட் போடுங்கள். இங்கே உள்ளூர்க்காரர்களே போடுகிறார்கள். நடக்கும்போது வேட்டியை முழங்காலுக்கு மடித்துக் கட்டலாம், மழையில் கட்டத்தான் வேண்டும். ஆனால் பெரியவர்கள் எதிரே வந்தால் உடனே இறக்கிவிட வேண்டும். மணமேடைக்குப் போகும்போதும் அப்படித்தான். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லித் தரமாட்டார்கள், ஆனால் எல்லோரும் பார்ப்பார்கள்.

சட்டை வெள்ளை, சந்தனம், அல்லது கரையின் நிறம். ஷெர்வானி மாப்பிள்ளைக்கு விட்டுவிடுங்கள். வடக்கேயிருந்து வந்தவர்கள் தங்கள் ஊர்க் குர்தா பைஜாமாவிலேயே வரலாம், அதுவும் மரியாதையான உடுப்புதான். ஆலயத்துக்கும் மண்டபத்துக்கும் அதில் தடையே இல்லை.

பெண்களுக்கும் அதே பதில். சேலை கட்டிப் பழக்கமே இல்லையென்றால் பயந்துகொண்டே கட்டி நாள் முழுவதும் இழுத்துவிட்டுக்கொண்டு இருப்பதைவிட, நல்ல அனார்கலியோ துப்பட்டாவோடு சுடிதாரோ போடுங்கள். லெஹங்கா இளம்பெண்களுக்கு மாலை ரிசப்ஷனில் அழகாக இருக்கும். காலையில் கோயில் படியிலும் பந்தி வரிசையிலும் அந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு அலைவது சிரமம். பெண் குழந்தைகளுக்குப் பட்டுப் பாவாடை சட்டை, வேறு யோசனையே வேண்டாம்.

நகை, பூ

இரவல் நகை வாங்கிப் போடாதீர்கள். தொலைந்தால் உறவே போய்விடும். எங்கள் மாவட்டத்தில் தங்கத்தைக் கொண்டு ஆளை அளக்கிற வழக்கம் இருக்கிறது, அதில் எனக்குத் துளியும் உடன்பாடு இல்லை. விருந்தினர் ஒருவர் ஒற்றை மாலையோடு நிறைவாக வந்து நின்றால் அது நல்ல மாற்றம்தான். அழகாக ஒன்று வேண்டும் என்றால் நாகர்கோவில் வடசேரியில் செய்கிற கோயில் நகையைப் பாருங்கள். சிவப்புக் கெம்புக் கல் பதித்தவை, பரதநாட்டியக் கலைஞர்கள் அணிவார்களே, அவைதான். புவிசார் குறியீடு பெற்றவை. ஒரு ஜிமிக்கியும் கழுத்தில் ஒரு சின்ன அட்டிகையும் போட்டால் கசவுச் சேலைக்கு அத்தனை பொருத்தம்.

பூ வாங்கத் தோவாளைக்குப் போக முடிந்தால் விடியும் முன்பே போய்விடுங்கள். மல்லிகை எங்கும் கிடைக்கும். எங்கள் ஊர்ப் பெருமை பிச்சிப்பூ. மொட்டாக வாங்கித் தலையில் வைத்தால் மாலைக்குள் விரிந்து மணக்கும். முகூர்த்த நாளில் விலை ஏறும், அதனால் தெரிந்த பூக்காரரிடம் முந்தின நாளே சொல்லி வையுங்கள். ஒரு முழம் போதும். மணமக்கள் கழுத்தில் நெருக்கமாகக் கட்டிய, வண்ணக் கட்டம் போட்ட மாலையைப் பார்த்தால் அது தோவாளை மாணிக்கமாலையாக இருக்கலாம், கிட்டே போய்ப் பாருங்கள்.

பந்தி

உடையை முடிவு செய்யும்போது சாப்பாட்டையும் நினைத்துக்கொள்ளுங்கள். அவியல், எரிசேரி, ஓலன், பருப்பு, சாம்பார், புளிசேரி என்று வரிசையாக வரும். கடைசியில் பாயாசத்தை இலையிலேயே ஊற்றுவார்கள், போளியைப் பிய்த்துப் போட்டுக் கையால் பிசைந்து சாப்பிட வேண்டும். அகலமாகத் தொங்குகிற கை, நீளமாக விட்ட துப்பட்டா இரண்டும் இலையில் விழும். முந்தானையை இடது பக்கம் இழுத்து இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். ஆண்கள் முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேலே மடித்துவிடுங்கள். அவசரத்துக்கு ஒரு கைக்குட்டையும் இருக்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அம்மாமை, "மக்களே, சேலை நல்லா இருக்கே, எங்கே எடுத்தே?" என்று கேட்பார். கடையின் பெயரைச் சொல்லுங்கள். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் பட்டை உடனே மடிக்காதீர்கள். வியர்வை ஈரம் போக நிழலில் ஒரு கொடியில் போட்டு, மறுநாள் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். சாம்பார்க் கறை பட்டிருந்தால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, டிரை கிளீனிங்குக்குக் கொடுங்கள். கசவுத் துணியைத் தனியாகக் குளிர்ந்த தண்ணீரில் அலசி, இலேசாகக் கஞ்சி போட்டு, பாதி ஈரத்தில் இஸ்திரி போடுங்கள். கசவின் மேல் ஒரு துணியை விரித்துத்தான் பெட்டியை வைக்க வேண்டும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்து மடிப்பை மாற்றி வையுங்கள், ஒரே இடத்தில் மடிந்து கிடந்தால் சரிகை அந்த வரியில் ஒடிந்துவிடும்.